வீடும் வளவும்: பின்வளவில் ஒரு கொட்டகை



பனி கரைந்து புல் தலைகாட்டத் தொடங்கினால் எம்மவர் வீடுகளில் ஒரு கதை எழும். "இந்தக் கோடைக்காவது பின்வளவில் ஒரு கொட்டகை போடவேணும்." நோர்வேயில் இன்று எம்மவர் பலருக்குச் சொந்த வீடும் அதனோடு ஒரு துண்டு வளவும் இருக்கின்றன. ஆனால் அந்த வளவில் குந்தியிருக்க ஓர் இடம் இல்லை.

இது ஆடம்பரக் கதை அல்ல. ஊரிலே எங்கள் பெற்றோருக்கு விறாந்தை இருந்தது, வேலியடி இருந்தது, போறவர் வாறவரோடு கதை இருந்தது. இங்கே பிள்ளைகள் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனபின் அவர்கள் நாலு சுவருக்குள் தொலைக்காட்சியைப் பார்த்தபடி இருக்கிறார்கள். கோடையிலும் பாதிநாள் மழை. தலைக்கு மேலே ஒரு கூரை இருந்தால் மழை தூறினாலும் அவர்கள் வெளியே வந்து இருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு வணக்கம் சொல்லிப் போவார். அந்த ஒரு வணக்கத்தின் பெறுமதி தனிமையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

நாங்கள் மீன் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள், பொறியியலாளர்கள் அல்ல. ஆனாலும் நண்பர்கள் சேர்ந்து சனி ஞாயிறுகளில் நாலு வீடுகளில் கொட்டகை போட்டிருக்கிறோம். அதில் கற்றவற்றை இங்கே தருகிறோம்.

கூடாரமா, கொட்டகையா?

பிறந்தநாளுக்கென்று துணிக்கூடாரம் வாங்குவது எம்மவர் வழக்கம். ஒருநாள் விழாவுக்கு அது போதும். அதை அப்படியே விட்டுவிட்டால் இலையுதிர்காலக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். எங்களோடு வேலை செய்யும் ஓர் அண்ணை மூன்று கோடையில் மூன்று கூடாரம் வாங்கினார். மூன்றாவது கூடாரம் பக்கத்து வீட்டுக் காரின்மேல் போய் விழுந்தது. அந்த மூன்றின் காசையும் சேர்த்திருந்தால் நல்ல மரத்துக்குப் பெரும்பங்கு காணும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2015 யூலை முதல் இந்த விதிகள் இலகுவாக்கப்பட்டன. வீட்டோடு ஒட்டாமல் தனித்து நிற்கும் கொட்டகை 50 சதுர மீற்றர் வரை இருக்கலாம். ஒரு தட்டுத்தான் இருக்கவேண்டும். முகட்டு உயரம் 4 மீற்றரையும் கூரை விளிம்பு 3 மீற்றரையும் தாண்டக்கூடாது. எல்லையிலிருந்து குறைந்தது 1 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும். ஆட்கள் குடியிருக்கும் இடமாகப் பாவிக்க முடியாது. இவற்றுக்குள் அடங்கினால் பொதுவாக விண்ணப்பம் தேவையில்லை.

வீட்டுச் சுவரோடு ஒட்டிப் போடுவதானால் கணக்கு வேறு. 15 சதுர மீற்றர்தான், அதுவும் எல்லையிலிருந்து 4 மீற்றர் தள்ளி. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் மாட்டுப்படுகிறார்கள்.

இன்னொன்று. உங்கள் பகுதிக்கென்று தனித் திட்டம் இருக்கலாம். வளவில் எத்தனை வீதம் கட்டலாம் என்று அதில் எழுதியிருக்கும். அதைக் கொம்யூனில் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கொம்யூனுக்கு அறிவிக்கவும் வேண்டும். கூட்டு வீட்டுத்திட்டத்தில் இருப்பவர்கள் நிர்வாகக்குழுவிடம் எழுத்தில் அனுமதி பெறாமல் ஓர் ஆணியும் அடிக்காதீர்கள்.

பனியின் பாரம்

ஊரிலே கொட்டில் போடும்போது வெயிலையும் மழையையும் நினைத்தால் போதும். இங்கே முதலில் நினைக்கவேண்டியது பனியைத்தான். எட்டுப்பேர் மேசையைச் சுற்றி இருக்க 3 மீற்றருக்கு 4 மீற்றர் தேவை. அதாவது 12 சதுர மீற்றர் கூரை. அதன்மேல் அரை மீற்றர் பனி நின்றால் 6 கன மீற்றர். அமர்ந்து இறுகிய பனி கன மீற்றருக்கு 200 முதல் 300 கிலோ வரை நிறுக்கும். ஆக 1200 முதல் 1800 கிலோ! ஒரு காரைத் தூக்கிக் கூரையில் வைத்தமாதிரி. ஈரப்பனி என்றால் இன்னும் கூட.

ஆகவே கடையில் கேட்கவேண்டிய முதற்கேள்வி விலை அல்ல. "இந்தக் கூரை சதுர மீற்றருக்கு எவ்வளவு பனி தாங்கும்?" என்று கேளுங்கள். பதில் எழுத்தில் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். எங்கள் ஊருக்கு எவ்வளவு தேவை என்பதைக் கொம்யூனில் அறியலாம். வீட்டுக் கூரையிலிருந்து பனி சரிந்து விழும் இடத்தில் கொட்டகை போடுவது பெரும் ஆபத்து. அங்கே இரண்டு கூரையின் பனியும் ஒரு கூரையில் சேரும். கீழே இருப்பது உங்கள் அம்மாவாகவோ பிள்ளையாகவோ இருக்கலாம்.

அத்திவாரமும் மரமும்

மண்ணுக்குள் நிற்கும் தண்ணீர் மாரியில் உறைந்து நிலத்தை மேலே தள்ளும். களிமண் நிலத்தில் இது கூட. கப்புகளை வெறும் மண்ணில் நட்டால் இரண்டு மாரியில் கொட்டகை சரிந்துவிடும். உறையும் ஆழத்துக்குக் கீழே கிண்டி, அடியில் சல்லி போட்டு, குழாய் அச்சில் கொங்கிறீற் ஊற்றுங்கள். கிண்டமுன் நிலத்தடியில் மின்கம்பி, தண்ணீர்க்குழாய் போகிறதா என்று விசாரியுங்கள். இரவில் உறையும் காலத்தில் கொங்கிறீற் ஊற்றவேண்டாம்.

கப்பு கொங்கிறீற்றில் நேரே படாமல் இரும்புப் பாதத்தில் நிற்கட்டும். அப்போது அடி உக்காது. ஒவ்வொரு கப்புக்கும் வளைக்கும் இடையே சரிவாக ஒரு முட்டுக் கொடுங்கள். காற்றுக்கு ஆடாமல் வைத்திருப்பது அந்த முட்டுத்தான். ஒளிபுகும் பிளாஸ்ரிக் தகடு போட்டால் வெயில் காக்கும் பக்கம் மேலே வரவேண்டும். தகட்டில் எழுதியிருக்கும், உரிக்கமுன் பாருங்கள்.

மரத்தில் ஒரு கவனம். யாராவது பழைய பச்சைநிறப் பலகைகளைச் சும்மா தருகிறேன் என்றால் மகிழவேண்டாம். 2002 வரை இங்கே மரம் உக்காதிருக்க ஆசனிக் கலந்த மருந்தும் பாவித்தார்கள். பின்னர் அது தடைசெய்யப்பட்டது. அந்தப் பலகையை எரித்தால் புகையும் சாம்பலும் நஞ்சு. புதிய மருந்திட்ட மரத்தின் துண்டுகளையும் அடுப்பில் போடக்கூடாது. எல்லாவற்றையும் கழிவு நிலையத்தில் ஒப்படையுங்கள்.

நெருப்பு

குளிருக்கென்று நாலு பக்கமும் பிளாஸ்ரிக் விரிப்பால் மூடி, உள்ளே கரியடுப்பில் இறைச்சி வாட்டுவதைக் கண்டிருக்கிறோம். தணல் காபனோரொட்சைட்டைக் கக்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி என்று படுத்தவர் எழும்பாமலே போகலாம். அடுப்பு எப்போதும் வெளியே இருக்கட்டும். ஆட்கள் மட்டும் உள்ளே இருங்கள்.

கடைசியாக, முதற்கப்பு நடமுன் இரண்டு பக்கத்து அயலவரிடமும் படத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் காட்டுங்கள். அவர்களின் வெயிலை எங்கள் கூரை மறைக்குமா என்று நீங்களே கேளுங்கள். தேவையானால் அரை மீற்றர் தள்ளிப் போடுங்கள். அரை மீற்றர் புல்லைவிட அயலவரின் மனம் பெரிது. பத்து, இருபது வருடம் அருகருகே வாழப்போகிறவர்கள் நாங்கள்.

அடுத்த இதழில் கறிவேப்பிலைக் கன்றை மாரியில் வீட்டுக்குள் காப்பாற்றும் வழிகள் பற்றி எழுதுவோம்.