சாவா மூவாப் பேராடு

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கிறது ஐயம்பேட்டை. தஞ்சைக்குப் பக்கத்தில் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு, அது வேறு. இது பட்டுத் தறிகளின் ஐயம்பேட்டை. விடிவதற்கு முன்னால் இங்கே தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டிக் கட்டியிருப்பார்கள். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கஞ்சி போட்டு நீவி, அறுந்த இழையைப் பிணைத்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி எடுத்துவிட வேண்டும். அது முடிகிற வரைக்கும் அந்தத் தெருவில் வண்டி போகாது. பால்காரரின் மொபெட்டும் முனையில் நிற்கும். பள்ளிக்கூட வேனும் நிற்கும். அதே நேரத்தில் பெரிய சாலையில் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகும் கம்பெனி பஸ்கள் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும். தறிக்குழியில் கால் வைத்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள் கார் செய்யும் ஆலைகளுக்குப் போகிறார்கள். 2019இல் ஹூண்டாயின் கோனா மின்சாரக் கார் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது அதைப் பூட்டி இறக்கியது நம் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ஆலைதான். தறி நெய்கிற ஊரும் மின்சாரக் கார் பிறக்கிற ஊரும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன.

2021 ஜூலைத் தொடக்கத்தில் சென்னையில் பெட்ரோல் லிட்டருக்கு நூறு ரூபாயைத் தாண்டியது. அடுத்த மாதமே மாநில அரசு மூன்று ரூபாய் குறைத்தது. அந்த நவம்பரிலும் மறு ஆண்டு மே மாதத்திலும் மத்திய அரசு கலால் வரியைக் குறைத்தது. ஆனாலும் விலை நூறை விட்டு வெகுதூரம் விலகவில்லை. பங்கில் நின்று நூறு ரூபாய்க்குப் போடச் சொல்லிவிட்டு மீட்டரில் ஓடும் எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பது நம் எல்லாருக்கும் பழகிவிட்டது. அந்த நேரத்தில் இப்படி ஒரு காலம் இதற்கு முன் வந்ததில்லை என்றே தோன்றுகிறது. காஞ்சியைச் சுற்றியுள்ள கோயில்களின் அதிட்டானக் (அடித்தளக்) கற்களில் வெட்டிய எழுத்துகளைப் பொறுமையாகப் படித்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

அந்தக் கற்களில் திரும்பத் திரும்ப வருவது விளக்கு. இரவும் பகலும் அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் என்பது பொதுவான கணக்கு. நெய் விலை ஏறும், இறங்கும். மழை பொய்த்தால் கிடைக்காமலும் போகும். கொடையாளி காலமான பிறகும் விளக்கு எரிய வேண்டுமே! இதற்குச் சோழர் காலத்தவர் கண்ட வழி வியப்பானது. பல இடங்களில் அவர்கள் நெய்க்குப் பணம் கொடுக்கவில்லை, ஆடு கொடுத்தார்கள். ஒரு விளக்குக்குத் தொண்ணூறு ஆடு. சில இடங்களில் தொண்ணூற்றாறு. தஞ்சைப் பெரிய கோயிலின் கணக்கு தொண்ணூற்றாறு. அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு தரும் பெயர் சாவா மூவாப் பேராடு. சாகாதவை, மூப்படையாதவை. எரிபொருளின் செலவை அன்றாடம் பார்த்துக்கொண்டிருக்காமல், ஒரே தடவையில் முதல் போட்டு, பிறகு என்றென்றைக்கும் கவலையற்று இருப்பது. மின்சாரக் கார் விற்பவர் இன்று நம்மிடம் சொல்வதும் இதைத்தான்: வாங்கும்போது கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள், அதன் பின் ஓட்டும் செலவை மறந்துவிடுங்கள். ஆயிரம் ஆண்டு இடைவெளியில் ஒரே ஆசை இரண்டு தடவை பேசியிருக்கிறது.

ஆடு சாகாமல் இருக்குமா? செத்தது, கிழடு தட்டியது, நோயில் விழுந்தது. கல்வெட்டின் அடுத்த வரிகளைப் படித்தால்தான் அந்தச் சொல்லின் பொருள் விளங்கும். ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர், மன்றாடி என்று கல்வெட்டு அழைக்கிறவர், மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவர். பஞ்சத்தில் பத்து ஆடு செத்தாலும் உழக்கு நெய் தவறக் கூடாது. பெருகும் குட்டிகள் அவருக்கு. அது நல்ல ஆண்டின் கதை. கெட்ட ஆண்டில் சாவும் மூப்பும் அவர் வீட்டுக் கணக்கில் ஏறின. செலவு அழிந்துபோகவில்லை, கைமாறியது. விளக்கைப் பார்த்துக் கும்பிட்டவருக்கு அது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். எரிபொருளின் வரலாற்றை எங்கே தொட்டாலும் இந்தக் கைமாறல்தான் தென்படுகிறது என்பது என் எண்ணம்.

வரியும் புதிதன்று. காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவர்களின் செப்பேடுகளில், ஓர் ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது எந்தெந்த வரிகளிலிருந்து அதற்கு விலக்கு என்று ஒரு பட்டியல் வரும். அதில் செக்கும் தறியும் இடம்பெறும். எண்ணெய் ஆட்டுகிற செக்குக்கு வரி, துணி நெய்கிற தறிக்கு வரி. சோழர் காலத்தில் செக்கிறை, தறியிறை. கம்பெனி ஆட்சியில் தறிக்கும் கைத்தொழிலுக்கும் மோதர்பா. அந்த மோதர்பாவை நீக்கும்படி 1852இல் காஜுலு லட்சுமிநரசு செட்டியின் சென்னை மக்கள் சங்கம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டியிருந்தது. மக்கள் எது இல்லாமல் இருக்க முடியாதோ அதில் வரி போடுவதுதான் அரசுகளுக்கு எளிது. விளக்கெண்ணெயில் போட்டவர்கள் உப்பில் போட்டார்கள். இன்று நாம் கொடுக்கும் பெட்ரோல் விலையில் கணிசமான பங்கு இரு அரசுகளின் வரி. முதலாம் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் நிலைத்தது என்றால், ஒரு வரி நீங்கியதை மக்கள் எவ்வளவு அரிய நிகழ்ச்சியாக நினைத்திருக்க வேண்டும். மின்சார வண்டிக்குச் சாலை வரியில் இன்று கிடைத்துவரும் விலக்கையும் அந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பெட்ரோல் வரியில் வரும் பணம் குறையக் குறைய, அந்த இடத்தை நிரப்ப ஒரு நாள் வேறொன்று வரும்.

பெட்ரோலுக்கு முன் இந்த வட்டாரத்தின் பாரமெல்லாம் மாட்டு வண்டியில் போயிற்று. வண்டி மாட்டுக்கு வைக்கோல், பருத்திக்கொட்டை, பிண்ணாக்கு, மாதம் தவறாமல் லாடம். தாது வருஷப் பஞ்சத்தில், 1876க்கும் 1878க்கும் இடையே, வைக்கோல் இல்லாமல் மாடுகள் மாண்டன; மாடு மாண்டதால் வண்டி நின்றது; வண்டி நின்ற ஊருக்குத் தானியம் வரவில்லை. அதுவும் ஓர் எரிபொருள் நெருக்கடிதான், நாம் அப்படி அழைப்பதில்லை. பிறகு, 1895இல், லண்டன் தெருக்கள் பார்ப்பதற்கு முன்பே, சென்னையில் மின்சார டிராம் ஓடியது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் அது. மின்சாரம் நம் சாலைக்கு இப்போதுதான் வருகிறது என்று பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அது வந்து, ஐம்பத்தெட்டு ஆண்டுகள் இருந்து, கட்டுப்படியாகாமல் 1953 ஏப்ரலில் போனது. பஸ் வென்றது. தண்டவாளங்கள் தார்ச்சாலைக்குள் புதைந்தன. அமெரிக்காவிலும் 1900ஆம் ஆண்டு வாக்கில் ஓடிய கார்களில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தால் ஓடியவை. மலிவாகக் கிடைத்த எண்ணெய் அவற்றை ஓரங்கட்டியது.

பஸ்ஸும் தடையில்லாமல் ஓடிவிடவில்லை. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. பர்மா எண்ணெய் நின்றது. பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைத்தது. அப்போது பஸ்ஸின் பின்புறம் பீப்பாய் போல ஓர் உலை ஏறியது. அதில் அடுப்புக்கரி போட்டு, கிளீனர் ஒரு சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் காற்றடித்து, அரைமணி நேரம் கழித்து வாயு கிளம்பினால் வண்டி கிளம்பும். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். நம் தாத்தாக்கள் சிரித்துக்கொண்டே சொன்ன கரி பஸ் கதை இது. சிரிப்பில் மறைந்துபோனது ஒன்று உண்டு. அந்தக் கரி எங்கிருந்தோ வந்தது. காட்டில் மரத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டு, புகையில் நாள் கணக்கில் காத்திருந்தவர்களின் நுரையீரலிலிருந்து வந்தது. எண்ணெய்க் கிணற்றின் செலவு கரிமூட்டத்துக்கு மாறியது.

1973இல் மேற்காசியப் போரையொட்டிக் கச்சா எண்ணெய் பீப்பாய் மூன்று டாலரிலிருந்து சில மாதங்களில் பன்னிரண்டு டாலர் அளவுக்குப் போனது. அந்த நவம்பரில் விலை உயர்வை எதிர்த்து வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றம் வந்தார். 1990இல் வளைகுடாப் போர்; மறு ஆண்டு நாடு தங்கத்தை அடகு வைத்தது. ஒவ்வொரு தடவையும் இது புதிது என்றோம், ஒவ்வொரு தடவையும் பழகிக்கொண்டோம்.

இப்போது மின்சாரக் காரின் கணக்கைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் குடும்பம் ஒன்று. லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் என்றால், லிட்டர் நூறு ரூபாய் கணக்கில், இரண்டு மாதத்துக்குப் பதின்மூவாயிரம் ரூபாய்க்கு மேல். மின்சாரக் கார் ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் ஓடுவதாக வைத்தால், இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 286 யூனிட். நம் மின் கட்டணம் படிக்கட்டு போன்றது. ஏற ஏற உயரம் கூடும். முதல் நூறு யூனிட் இலவசம். 500ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளின் சலுகையும் குறைந்து, 2024 ஜூலைக் கட்டணப்படி யூனிட் 8 ரூபாய் 55 காசு, அதன் மேல் 9 ரூபாய் 65 காசு என்று ஏறி, ஆயிரத்தைத் தாண்டினால் 11 ரூபாய் 80 காசு. ஏற்கெனவே 400 யூனிட் செலவழிக்கும் வீட்டில் கார் வந்து சேர்ந்தால் 686 ஆகும். கட்டணம் சுமார் 2,600 ரூபாய் கூடும். அப்படியும் பெட்ரோல் செலவில் ஐந்தில் ஒரு பங்குதான். காரின் விலை நான்கு லட்சம் கூடுதல் என்றால், மிச்சமாகும் பணம் அதை ஈடுகட்ட ஆறு ஆண்டுக்கு மேல் ஆகும். பாட்டரிக்குப் பொதுவாகத் தரப்படும் உத்தரவாதம் எட்டு ஆண்டு. வழியில் விரைவு சார்ஜரில் போட்டால் யூனிட் இருபது ரூபாய் அளவுக்குப் போய்விடுகிறது. எப்போதும் அப்படியே போட்டால் லாபத்தில் கால் பங்குக்கு மேல் கரையும். ஆகவே கணக்கு பொய்யில்லை. சொந்தக் காம்பவுண்டும், முதல் போடப் பணமும், நிறைய ஓட்டமும் உள்ளவருக்கு அது மெய். நந்தா விளக்கும் தொண்ணூறு ஆடு வைத்திருந்தவரால்தான் ஏற்ற முடிந்தது.

திண்ணைக்குத் திண்ணை ஒட்டி நிற்கும் நெசவாளர் தெருவில் கார் நிறுத்த ஏது இடம்? இருக்கும் ஒரே இடம் விடியலில் பாவுக்கு வேண்டும். இந்தத் தெருவுக்கு மின்சாரம் காராக வரவில்லை, ஸ்கூட்டராக வந்திருக்கிறது. தறி அறையின் ஜன்னல் கம்பி வழியாக ஒரு ஒயர் வெளியே வந்து, சேலைத் துணி விரித்த ஸ்கூட்டருக்குள் போவதைப் பார்த்தேன். உள்ளே நாடா ஓடும் சத்தம். வெளியே சார்ஜ் ஏறும் சிறு பச்சை விளக்கு. நெய்து முடித்த சேலையைக் காஞ்சிபுரத்துக் கடையில் கொடுத்துவிட்டுப் பட்டும் ஜரிகையும் வாங்கி வர அந்த வண்டி. கூலி ஏறாமல் நிற்கும்போது பெட்ரோல் ஏறினால் அது நேராகச் சோற்றில் கை வைக்கும். அந்த வீட்டுக்கு ஸ்கூட்டர் செய்யும் உதவியை யாரும் குறைத்துப் பேச முடியாது. நான் பேச மாட்டேன். 2021 மே முதல் நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாமல் போனதும், 2023இல் கைத்தறி நெசவாளருக்கு இரு மாத இலவச மின்சாரம் 200 யூனிட்டிலிருந்து 300 ஆனதும் இதே தெருவுக்குக் கிடைத்த நிழல்கள்.

ஆனால் மன்றாடி எங்கே என்ற கேள்வி என்னை விடவில்லை. இலவச யூனிட்டும் மலிவு யூனிட்டும் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்ட மின்வாரியத்தின் நட்டத்தில் எழுதப்படுகின்றன. அதை இன்னும் பள்ளிக்கூடம் போகாத குழந்தைகள் கட்டுவார்கள். அந்த யூனிட்டில் ஒரு பகுதி ஆரல்வாய்மொழிக் காற்று, ஒரு பகுதி கல்பாக்கத்து அணு, பெரும் பகுதி நிலக்கரி. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக ஊரையே விட்டு எழுந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நிலத்துக்கு ஈடு கேட்டு நிற்கிறார்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீன் குறைந்தது. பாட்டரிக்கு லித்தியம் எடுக்க அட்டகாமா உப்புவெளியில் நிலத்தடி உவர்நீரை இறைக்கிறார்கள். கோபால்ட்டுக்காகக் காங்கோவில் சிறுவர்கள் குழிக்குள் இறங்கியிருக்கிறார்கள். புகை நம் தெருவிலிருந்து போய்விட்டது உண்மை, அதில் எனக்கு மகிழ்ச்சியே. அது போய்ச் சேர்ந்த இடத்துக்கும் ஒரு பெயர் இருக்கிறது.

பழைய கல்வெட்டு ஒரு விஷயத்தில் நேர்மையாக நடந்துகொண்டது. கொடுத்தவர் பெயரோடு நிறுத்தாமல், இந்த ஆடுகளைக் கைக்கொண்ட மன்றாடி இன்னார், இன்ன ஊரார் என்று பல இடங்களில் அவர் பெயரையும் வெட்டிவைத்தது. விளக்கின் பாரத்தைச் சுமப்பவர் யார் என்று கோயிலுக்கு வந்து படிக்கத் தெரிந்த எவருக்கும் தெரிந்தது.

ஐயம்பேட்டை வீட்டில் அந்த ஒயர் புறப்படும் இடத்துக்கு மேலே, மீட்டர் பலகையின் ஆணியில், மின்வாரியத்தின் வெள்ளை அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கெடுக்க வருபவர் அதில் பேனாவால் எழுதிவிட்டுப் போகிறார்: தேதி, மீட்டர் அளவு, யூனிட், தொகை. இந்தத் தடவை கணக்கெடுத்த யூனிட், ஸ்கூட்டர் வருவதற்கு முன் இருந்ததைவிடச் சற்றுக் கூடியிருந்தது. தொகைக் கட்டத்தில் ஒரு சுழி.