கடலோர விடுதியும் மலைநாட்டுக் குடும்பமும்

இரண்டாம் தவணை முடிந்து பாடசாலைகள் மூடப்படும் காலம் நெருங்கினால், அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கங்களில் வான் சாரதிகளுக்கு மதிப்பு ஏறிவிடுகின்றது. ‘திருகோணமலைக்குப் போய்வர எவ்வளவு? எத்தனை பேர் ஏறலாம்?’ என்னும் விசாரணை லயத்துக்கு லயம் கேட்கின்றது. உல்லாசப் பிரயாணம் துரைமாருக்கும் கொழும்புத் தனவந்தருக்குமே உரியது என்றிருந்த காலம் போய், தோட்டத்துக் குடும்பங்களும் மூட்டை முடிச்சுக்களோடு கடல் பார்க்கப் புறப்படுகின்றன. பெரிதும் மகிழத்தக்க மாற்றம் இது. ஆயினும் அங்கே தங்கும் இடத்தைப் பற்றியும், தங்கும் விதத்தைப் பற்றியும் சில சொல்ல வேண்டியிருக்கின்றது.

முன்னாளில் இப்பிரயாணம் எதிர்த் திசையில் நடந்தது. கடலோரத்து வெக்கை தாளாத வெள்ளையர் குளிர் தேடி மலைக்கு ஏறினர். 1820களில் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ், ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவில் தமக்கென மாளிகை கட்டுவித்தார். 1873 இல் தேசாதிபதி கிரெகரியின் காலத்தில் அங்கே ஓர் ஏரி உருவாக்கப்பட்டது. கடலற்ற ஊருக்கு ஒரு கரை கிடைத்தது என்று சொல்லலாம். பின்னர் சித்திரை மாதம் தோறும் கொழும்புக் குடும்பங்கள் அங்கு வீடெடுத்துத் தங்குவது வழக்கமாயிற்று. நம்மவர் அவ்வீடுகளுட் புகுந்ததுண்டு. சமையற்காரராய், ஆயாவாய், தோட்டக்காரராய்ப் புகுந்தனர். விருந்தினராய்ப் புகுந்தவர் எத்தனை பேர்? இன்றோ துரை பங்களாக்கள் சில விலையுயர்ந்த விடுதிகளாகியுள்ளன. கந்தப்பளையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையே விடுதியாகிவிட்டது. அவற்றின் ஒரு நாள் வாடகை ஒரு தொழிலாளியின் பல நாட் சம்பளத்தை விழுங்கும்.

கடலோ நமக்கு வேறு வகையில் அறிமுகமானது. கோப்பித் தோட்டக் காலத்தில் நம் முன்னோர் தமிழகக் கரையிலிருந்து தோணியேறி மன்னார்ப் பகுதியில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தனர். வழியில் மாண்டோர் தொகை பெரிது. வந்து சேர்ந்தோருக்குக் கடல் என்பது ஒருமுறை கடந்த துயரம்; அவ்வளவே. அவர்தம் பேரர், 1964 ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்டபோது, தலைமன்னாரில் மீண்டும் அதே கடலைக் கண்டனர். உறவினர் கதறியழ அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரே வைத்தனர் நம் மக்கள். இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்க இடம் திருகோணமலை வழியிலேயே இருக்கின்றது. வான் மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்கு ஓடும் நேரத்தில், பாட்டை நிறுத்திவிட்டுச் சொல்லலாம். அப்பாட்டன்மார் நடந்த திசைக்கு எதிர்த் திசையில் அன்றோ நாம் போகின்றோம்!

வகுப்பில் ஒருமுறை ‘கடல்’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். பெரும்பாலோர் எழுதியது திரைப்படத்திற் கண்ட கடல். அலையின் ஓசையை எழுதியவர் பலர். காற்றில் உப்புக் கரிக்கும் என்று எழுதியவர் இருவர். எஞ்சியோரும் அதனை நாவால் அறிந்து எழுதவேண்டும் என்பது என் ஆசை.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்று அட்டன், மஸ்கெலியா மலைகளில் மோதித் தன் மழையையெல்லாம் இங்கேயே கொட்டிவிடுகின்றது. மலையைத் தாண்டிக் கீழிறங்குகையில் அதே காற்று வறண்டு, சூடேறி, கிழக்குக் கரையிற் ‘கச்சான்’ என்னும் பெயரோடு வீசுகின்றது. ஆகவே நம் பிள்ளைகள் கம்பளிச் சட்டையோடு நடுங்கும் அந்நாட்களில் நிலாவெளியும் உப்புவெளியும் வெயிலில் குளித்துக்கொண்டிருக்கும்; கடலும் அடங்கியிருக்கும். கார்த்திகை, மார்கழியிற் போகின்றவர் வாடைக்காற்றையும் கொந்தளிப்பையுமே காண்பர். மேற்குக் கரைக்கு இதன் மறுதலை. அடங்கிய கடலும் கடலே; நம் பிள்ளைகளிற் பலர் நீந்தத் தெரியாதவர்கள் என்பதை மறவாது, உள்ளூரார் குளிக்கும் இடத்திலேயே, முழங்கால் அளவு நீரிலேயே அவர்களை நிறுத்துதல் வேண்டும்.

இனி விடுதி. 2009 இல் போர் ஓய்ந்த பின்னர் இப்பகுதிகளிற் பல தரத்து விடுதிகள் எழுந்துள்ளன. நடுத்தரக் குடும்பத்துக்கும் தோட்டத்துக் குடும்பத்துக்கும் ஏற்றது, ஒரு கூடம், இரண்டு அறை, ஓர் அடுக்களை என்று சேர்த்து நாள் வாடகைக்கு விடும் தொடர்மாடி விடுதியே. இரண்டு குடும்பம் பகிர்ந்துகொண்டால் வாடகை பாதியாகும். கடலை நேரே பார்த்து நிற்கும் வீட்டுக்கு வாடகை கூடும். வீதியைக் கடந்து பத்து நிமிடம் நடந்தால் அதே கடல்தான். நடப்பதற்கு மலைநாட்டாருக்குச் சொல்லித்தர வேண்டுமா?

முன்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை உண்டு. வாடகை வீட்டுக்கா, தலைக்கா? எத்தனை பேருக்கு மேல் மறுப்பார்கள்? சமையல் வாயுவுக்கும் பாத்திரங்களுக்கும் தனிக் கட்டணமா? எல்லாவற்றினும் முக்கியம் தண்ணீர். கடலோரக் கிணற்று நீர் பலவிடங்களிற் சவர். பீலித் தண்ணீர் குடித்து வளர்ந்த நாவுக்கு அதிலே போட்ட தேநீர் இறங்காது. எத்துணை நல்ல தேயிலையாயினும் இறங்காது. எனவே குடிநீருக்கு என்ன ஏற்பாடு என்று முதலிலேயே கேட்டுவிடுதல் நலம். நுளம்பு வலையையும் கேளுங்கள். மலையில் அதன் தேவையை நாம் அறியோம்.

செலவுக் கணக்கில் நம்மவர் மறந்துவிடுவது ஒன்றுண்டு. கணவனும் மனைவியும் தோட்டத்திற் பேர் போடுகின்றவர்களாயின், நான்கு நாட் பயணத்தில் எட்டுப் பேர் நட்டம். 2024 செப்டெம்பரில் விதிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளப்படி பார்த்தாலே அது 10,800 ரூபாய். விடுதி வாடகையை நூறு ரூபாய் குறைக்கப் பேரம் பேசுவோர் இதனை எண்ணுவதில்லை. ஞாயிறும் போயா தினமும் அந்நான்கு நாட்களுள் அடங்குமாறு புறப்பட்டால் இந்நட்டம் பாதியாகும்.

எனக்கு மெய்யாகவே கவலை தருவது அந்த அடுக்களைதான். அது இருப்பதாலன்றோ செலவு குறைகின்றது? உண்மை. ஆனால் அங்கே நிற்பவர் யார்? நாள்தோறும் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பகலெல்லாம் 18 கிலோ, 20 கிலோ என்று கொழுந்தெடுத்து, மாலையில் மீண்டும் அடுப்படிக்குப் போகும் அதே தாய். கணவர் மணலில் நடக்கின்றார். பிள்ளைகள் கிளிஞ்சல் பொறுக்குகின்றனர். அவளோ பழக்கமில்லாத அடுப்பில், பழக்கமில்லாத சட்டியில், பத்துப் பேருக்கு மீன் குழம்பு வைக்கின்றாள். ஊர் திரும்பியபின் ‘கடல் எப்படி?’ என்று கேட்டால், ‘ஜன்னலால் பார்த்தேன்’ என்பாள். இதற்குப் பெயர் விடுமுறையா? உத்தியோகம் பார்க்கும் ஆசிரியைகளின் வீடுகளிலும் நிலைமை இதுவே. தோட்டத்தை மாத்திரம் குறை சொல்வதற்கில்லை.

ஆடவருக்குச் சமைக்கத் தெரியாது என்னும் சாக்கை நான் ஒப்புக்கொள்ளேன். மாரியம்மன் திருவிழாவில் அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, சாம்பார் இறக்கி, ஊருக்கே பந்தி போடுகின்றவர்கள் யார்? கோயில் மடைப்பள்ளியில் உள்ள கைத்திறன் விடுதி அடுக்களைக்கு வரும்போது எங்கே ஒளிந்துகொள்கின்றது? காலையில் கடைப் பாணும் சம்பலும் போதும். மதியச் சமையலைத் தகப்பன்மாரும் மூத்த பையன்களும் ஏற்கட்டும். பெண்பிள்ளைகளை மட்டும் காய் நறுக்க அழைப்பதும் கூடாது. இரவுக்கு ஒரு வேளையேனும் கடையில் வாங்கலாம். அந்தச் செலவையும் வாடகையோடு சேர்த்து முதலிலேயே ஒதுக்கிவைத்தால், பின்பு முணுமுணுப்புக்கு இடமிராது. புறப்படுமுன் யார் எந்த நாள் சமைப்பது என்று ஒரு தாளில் எழுதி வானிலேயே ஒட்டிவிட்ட ஒரு குடும்பத்தை நான் அறிவேன். அவ்வீட்டுப் பாட்டியார் மூன்று நாளும் காலை மாலை கரையில் அமர்ந்திருந்தாராம்.

பாடல் பெற்ற தலமாகிய கோணேசர் கோயிலையும் கன்னியா வெந்நீரூற்றுக்களையும் ஒரே முற்பகலில் முடித்துவிட முனையாமல், இரண்டு காலைகளாகப் பிரித்துக்கொள்க. வெயில் ஏறுமுன் போய்த் திரும்பிவிடலாம். கடைசி நாளிற் கருவாடு வாங்காமல் நம்மவர் ஊர் திரும்பமாட்டார்கள். லயத்தில் அண்டை வீட்டாருக்கும் பங்கு கொடுத்தாக வேண்டுமே! வாங்குங்கள். ஆனால் அதனை மூன்று உறையிற் கட்டி வானின் கூரைமேல் ஏற்றுங்கள். அட்டன் வரை ஏறக்குறைய 250 கிலோமீற்றர், அதிலும் பாதி வழி வளைவும் ஏற்றமும்.