பிரசவ அறையில் உங்கள் பக்கத்தில் யார்?



முதல் குழந்தையை எதிர்பார்த்திருக்கும் வாசகிகள் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். “கர்ப்பகாலப் பயிற்சி வகுப்புக்குப் போகலாமா? போவதென்றால் எதில் சேர்வது?” செல்போனைத் திறந்தால் யோகா வகுப்பு, லமாஸ் வகுப்பு, கர்ப்ப சம்ஸ்காரம், வார இறுதிப் பட்டறை, ஆன்லைன் வகுப்பு என்று விளம்பரங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவருக்கு இதில் எதை நம்புவது என்று குழப்பம் வருவது நியாயம்தான்.

போகலாமா என்றால், கட்டாயம் போங்கள். கணவன் மனைவி இருவருமே போங்கள். ஆனால் எந்த வகுப்பு என்று தேடுவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பிரசவம் எந்த ஊரில், எந்த மருத்துவமனையில்? வலி எடுக்கும் நேரத்தில் பக்கத்தில் இருக்கப்போவது யார்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் வகுப்பைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்தது.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் குடும்பங்களில் தலைப்பிரசவம் பெரும்பாலும் தாய் வீட்டில்தான். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துப் போய்விடுகிறார்கள். சென்னையில் கணவனும் மனைவியும் வாராவாரம் வகுப்புக்குப் போய், மூச்சுப் பயிற்சி, இடுப்பை நீவிவிடும் முறை, வலியின் இடைவெளியைக் குறித்துவைப்பது எல்லாம் கற்றுக்கொள்கிறார்கள். பிரசவமோ திருநெல்வேலியில். நள்ளிரவில் வலி எடுத்து, கணவர் கிளம்பி வந்து சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிடுவதும் உண்டு. அந்த நேரத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது அம்மா. வகுப்பில் என்ன சொன்னார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியாது. மகள் துடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், “டாக்டர், ஆபரேஷன் பண்ணிடுங்க” என்று அவரே கெஞ்சிவிடுகிறார். அதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. முதல் பிரசவ வலி பல மணி நேரம் நீடிக்கலாம், விட்டு விட்டுத்தான் வரும், அந்த இடைவெளியில் எழுந்து நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாமா என்று செவிலியரிடம் கேட்கலாம் என்பதையெல்லாம் யாராவது அவருக்கும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே அம்மா உடன் இருப்பார் என்றால், அம்மாவும் வரக்கூடிய வகுப்பாகப் பாருங்கள். பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவமனையே வகுப்பு நடத்தினால் அதற்கே முதல் இடம் கொடுப்பேன். பிரசவ அறையை நேரில் காட்டுவார்கள். அங்கே என்ன வழக்கம் என்பதும் தெரிந்துவிடும். அம்மா வேறு ஊரில் இருந்தால் ஒரே வகுப்பில் இரண்டு ஊரிலிருந்தும் சேர்ந்துகொள்ள ஆன்லைன் வசதி உதவும். என்ன இருந்தாலும், நீங்கள் குந்தி உட்காரும் விதம் சரியா என்று திரை வழியாகப் பார்த்துத் திருத்துவது கடினம். நூற்றுக்கணக்கானோர் சேரும் வகுப்பில் உங்கள் சந்தேகத்துக்கு முறை வருவதும் கஷ்டம். எட்டுப் பத்து ஜோடிகள் இருக்கும் சிறு வகுப்பு நல்லது.

பக்கத்தில் ஒருவர் இருப்பதால் மனதுக்குத் தெம்பு கிடைப்பதோடு வேறு நன்மையும் இருக்கிறது. காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2017-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 26 ஆய்வுகளில் பங்கேற்ற 15,000-க்கும் மேற்பட்ட பெண்களின் அனுபவத்தைத் திரட்டிப் பார்த்தது. தொடர்ந்து துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவ வாய்ப்பு கூடியது, வலி நேரம் சற்றுக் குறைந்தது, சிசேரியனும் குறைந்தது. பெண் தானே விரும்பித் தேர்ந்தெடுக்கும் துணை உடன் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. நம் நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் பிரசவத் துணையை அனுமதிக்கலாம் என்று 2016-இலேயே மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டியிருக்கிறது. பிள்ளை பெற்ற அனுபவமுள்ள உறவுக்காரப் பெண்ணுக்கு முன்னுரிமை. மறைப்பு வசதி இருக்கும் இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம். நடைமுறை ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும் என்பதால் கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது.

‘லமாஸ்’ என்ற பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். பெர்னான் லமாஸ் ஒரு பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர். 1951-இல் சோவியத் நாட்டுக்குப் போனவர், அங்கே பயிற்சி பெற்ற பெண்கள் பயமில்லாமல் பிரசவிப்பதைக் கண்டு வியந்து, அடுத்த ஆண்டே பாரிஸில் உலோகத் தொழிலாளர்களின் மருத்துவமனையில் அந்த முறையைத் தொடங்கினார். அவரிடம் பிரசவம் பார்த்துக்கொண்ட அமெரிக்கப் பெண் மார்ஜரி கார்மெல் 1959-இல் எழுதிய புத்தகம் அதை அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோனது. உழைக்கும் குடும்பத்துப் பெண்களுக்காக ஒரு சாதாரண மருத்துவமனையில் வேரூன்றிய முறை இது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இன்றைய லமாஸ் வகுப்புகள் மூச்சுப் பயிற்சியோடு நிற்பதில்லை. வலியின்போது நடமாடுவது, மல்லாந்து படுப்பதைத் தவிர்ப்பது, துணையோடு இருப்பது, பிறந்ததும் தாயையும் சேயையும் பிரிக்காமல் வைப்பது எல்லாவற்றையும் சொல்லித்தருகிறார்கள்.

இனி, ஒரு வகுப்பின் தரத்தை அறிய நான் சொல்லும் வழி. சேர்வதற்கு முன், “எனக்குச் சிசேரியன் ஆகிவிட்டால்?” என்று கேளுங்கள். “எங்களிடம் வந்தால் அதெல்லாம் ஆகாது, நார்மல் டெலிவரிக்கு நாங்கள் உத்தரவாதம்” என்று பதில் வந்தால் அங்கே சேராதீர்கள். அப்படி உத்தரவாதம் தர யாராலும் முடியாது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவை சிகிச்சை மூலம் நடந்தவை. தனியார் மருத்துவமனைகளில் அது 63.8 சதவீதம். இந்த எண்ணிக்கை குறைய வேண்டும் என்றே நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் உண்மை நிலவரம் இப்படி இருக்கும்போது சிசேரியனைப் பற்றிப் பேசாத வகுப்பு, வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைக் கைவிட்டுவிடுகிறது. முதுகில் போடும் ஊசி எப்படி இருக்கும், தையல் வலியோடு எப்படிப் புரண்டு எழுவது, பக்கவாட்டில் படுத்துப் பாலூட்டுவது எப்படி என்று சொல்லித்தரும் வகுப்பே முழுமையானது. பயிற்சி எல்லாம் எடுத்தும் அறுவை சிகிச்சை ஆகிவிட்டதே, நான் தோற்றுவிட்டேனோ என்று அழுத தாய்மார்கள் இருக்கிறார்கள். அந்தக் குற்ற உணர்வை எந்த வகுப்பும் ஒரு பெண்ணின் தலையில் ஏற்றக் கூடாது.

அதே போல, வயிற்றிலிருக்கும் பிள்ளையை மேதையாக்குகிறோம், சிவப்பாக்குகிறோம் என்ற வாக்குறுதிகளையும் ஒதுக்குங்கள். வயிற்றுக் குழந்தைக்கு அம்மாவின் குரல் கேட்கும், பிறந்ததும் அந்தக் குரலை அது அடையாளம் கண்டுகொள்ளும். இது உண்மை. நல்ல பாட்டு கேளுங்கள், பிள்ளையோடு பேசுங்கள். உங்களுக்கும் நிம்மதியாக இருக்கும். அதற்கு யாருக்கும் ஆயிரக்கணக்கில் பணம் கட்ட வேண்டியதில்லை.

பிரசவத்தோடு நின்றுவிடாமல், பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகான நாட்களையும் வகுப்பு பேச வேண்டும். சீம்பால் வீணாகக் கூடாது, முதல் ஒரு மணி நேரத்துக்குள் பாலூட்ட வேண்டும், ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர தண்ணீர்கூட வேண்டாம் என்பதைப் பாட்டிமார் காதில் போட வேண்டும். பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களிடம் மகளோ மருமகளோ சொன்னால் சண்டையாகிவிடுவது, வகுப்பில் ஒரு செவிலியர் சொன்னால் சுமுகமாக முடிந்துவிடுகிறது. தாய்க்குக் காரணமில்லாமல் அழுகை வருவதைப் பற்றியும், அது வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் கணவர் காதால் கேட்டிருக்க வேண்டும்.

ஐந்தாம் ஆறாம் மாதத்திலேயே சேர்ந்துவிடுங்கள். வளைகாப்புக்குப் பிறகு ஊர் மாறினால் பாதியில் நின்றுபோகும். உடற்பயிற்சிக்கு முன் உங்கள் மருத்துவரின் சம்மதம் அவசியம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர்கள், ரத்தப்போக்கு இருப்பவர்கள், கருப்பை வாயில் தையல் போட்டவர்கள் ஆகியோர் பொதுவான பயிற்சியை மற்றவர்களோடு சேர்ந்து செய்யக் கூடாது. இதை முதல் நாளே விசாரிக்காத பயிற்சியாளரிடம் போகாதீர்கள். பணம் இல்லையே என்று விட்டுவிடவும் வேண்டாம். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசச் சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. அங்கே கிராம சுகாதார செவிலியரிடம் பிரசவத்தைப் பற்றிய சந்தேகங்களைக் கேட்டால் பொறுமையாகச் சொல்வார்.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது மருத்துவரிடம் மறக்காமல் கேளுங்கள்: “பிரசவ அறைக்குள் என்னோடு யார் வரலாம்?” வரப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு வகுப்பில் சேருங்கள்.