எட்டாத மேடை

நகரத்து வீடுகளில் சமையல் மேடையின் உயரம் சுமார் 85 சென்டிமீட்டர். மூன்று வயதுக் குழந்தையின் உயரம் சராசரியாக 95 சென்டிமீட்டர். அதன் கண்ணுக்குத் தெரிவது கிரானைட் பலகையின் விளிம்புதான். மேலே குக்கர் விசிலடிக்கிறது, மிக்ஸி உறுமுகிறது, கடைசியில் ஒரு தட்டு கீழே இறங்கி வருகிறது. தட்டில் இருப்பது எங்கிருந்து வந்தது, எப்படி அந்த நிறத்துக்கு மாறியது என்று எதுவும் தெரியாத குழந்தை அதைச் சந்தேகத்துடன் பார்ப்பதில் ஆச்சரியமில்லை.

இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன் நிலைமை வேறு. தமிழ் வீட்டு அரிவாள்மணைக்கு வங்காளத்திலும் மகாராஷ்டிரத்திலும் சகோதரிகள் உண்டு. எல்லாமே தரையில் உட்கார்ந்து நறுக்குகிற கருவிகள். அம்மியும் ஆட்டுக்கல்லும் தரையில்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தை அவரைக்காய்க்கு நார் எடுத்தது, கீரை ஆய்ந்தது, அரிசியில் கல் பொறுக்கியது. யாரும் அதற்குப் பாடம் நடத்தவில்லை. பெண்களின் முதுகையும் முழங்காலையும் வருத்திய அந்தச் சமையலறை திரும்பி வர வேண்டும் என்று யாரும் ஏங்க வேண்டியதில்லை. ஆனால் மேடை உயர்ந்தபோது குழந்தை சமையலறைக்கு வெளியே போய்விட்டது என்பது உண்மை.

வெளியே அதற்காகக் காத்திருப்பவை டி.வி., செல்போன், பளபளக்கும் பாக்கெட். குழந்தைக்குத் தானாகப் பிரிக்கத் தெரிந்த ஒரே உணவு பாக்கெட்டில் இருப்பதுதான் என்றால், அதற்கு விசுவாசமாக இருப்பது இயல்பு. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று (2019-21) தரும் சித்திரம் விசித்திரமானது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ளவர்களில் 67.1 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. அதே நாட்டில் எடை அதிகமுள்ள குழந்தைகளின் விகிதம் முந்தைய சுற்றில் இருந்த 2.1 சதவீதத்திலிருந்து 3.4 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. பற்றாக்குறையும் மிகுதியும் ஒரே தெருவில் வசிக்கின்றன.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020இல் விதிமுறை வந்தது. எந்தப் பானத்தில் எத்தனை சர்க்கரை என்று காட்டும் பலகையை வைக்கும்படி 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்கு உத்தரவிட்டது. இரண்டும் தேவையானவையே. ஆனால் இரண்டும் குழந்தையிடம் சொல்வது எதைத் தின்னக் கூடாது என்பதைத்தான். எதைத் தின்பது, அது எப்படி உருவாகிறது என்பதைப் பலகையால் சொல்ல முடியாது. அதைக் கை கற்க வேண்டும்.

இந்த யோசனை வெளிநாட்டிலிருந்து வந்ததல்ல. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய கல்வி மாநாட்டிலிருந்து ஆதாரக் கல்வித் திட்டம் பிறந்தது. ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. அதைச் சேவாகிராமத்தில் நடத்திக்காட்டியவர்கள் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகமும், அவர் மனைவி, வங்காளத்தவரான ஆஷாதேவியும். அங்கே நூற்பு மட்டும்தான் பாடம் என்று நினைப்பவர்கள் பலர். பொதுச் சமையலறையும் வகுப்பறையாகத்தான் இருந்தது. மாணவர்கள் முறை வைத்துச் சமைத்தார்கள். எவ்வளவு தானியம், எவ்வளவு காய், தலைக்கு எத்தனை செலவு என்ற கணக்கும் அவர்கள் பொறுப்பு. கூட்டல் கழித்தலும் சத்துணவும் சுகாதாரமும் ஒரே அடுப்பில் வெந்தன. இந்தச் சமையலறையில் ஆணுக்கு விலக்கு இல்லை, சாதிக்கு இடமில்லை. காலப்போக்கில் நின்றுபோன அந்த முயற்சிக்கு, 2005இல் அதே சேவாகிராமத்தில் தொடங்கப்பட்ட ஆனந்த் நிகேதன் பள்ளி மறுபடி உயிர் கொடுத்தது. தோட்டமும் சமையலும் அங்கே பாடத்திட்டத்தின் பகுதிகள்.

சமைத்த குழந்தை அதிகம் சாப்பிடுமா? 2014இல் சுவிட்சர்லாந்திலிருந்து வெளியான ஒரு ஆய்வு 6 முதல் 10 வயதுள்ள 47 குழந்தைகளைப் பார்த்தது. பெற்றோருடன் சேர்ந்து சமைத்த குழந்தைகள், பெற்றோர் மட்டும் சமைத்ததைச் சாப்பிட்டவர்களைவிட 76 சதவீதம் அதிகமாகப் பச்சைக் காய்க்கலவை சாப்பிட்டன. கொண்டாடுவதற்கு முன் மீதியையும் படிக்க வேண்டும். அந்தக் குழந்தைகள் கோழிக்கறியையும் 27 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டன. மொத்த கலோரியும் ஏறியது. ஆய்வை நடத்தியது ஒரு பெரிய உணவு நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம். தான் சமைத்ததைக் குழந்தை ஆசையாகச் சாப்பிடும் என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் நியாயமான முடிவு. ஆகவே என்ன சமைக்கிறோம் என்பது முக்கியம். ஞாயிறுதோறும் குழந்தையுடன் கேக் செய்தால் கேக்கின் மீதுதான் பிரியம் வளரும்.

வயதுக்கேற்ற வேலைக்குப் பஞ்சமில்லை. இரண்டு மூன்று வயதில் பச்சைப் பட்டாணி உரிக்கலாம், கொத்தமல்லியைக் கிள்ளலாம், தண்ணீரில் காய்களைக் கழுவலாம். நான்கு ஐந்து வயதில் சப்பாத்தி மாவு பிசையலாம், எலுமிச்சம்பழம் பிழியலாம், வேகவைத்து ஆறிய உருளைக்கிழங்கின் தோலை உரிக்கலாம். ஆறு ஏழு வயதில் அரிசிக்கும் தண்ணீருக்கும் அளவு பார்க்கலாம், முனை மழுங்கிய கத்தியால் வாழைப்பழம் நறுக்கலாம். எட்டு வயதுக்கு மேல், பெரியவர் பக்கத்தில் நிற்க, அடுப்பருகே வரலாம். கொதிக்கும் எண்ணெயும் குக்கரும் அப்போதும் பெரியவர்களின் பொறுப்புதான். இன்னொரு எச்சரிக்கை: முழு வேர்க்கடலை போன்ற கெட்டிப் பருப்புகளைச் சிறு குழந்தைகள் வாயில் போட்டுக்கொண்டு விளையாட விடக் கூடாது, மூச்சுக்குழலில் சிக்கும்.

அடுப்பே வேண்டாத உணவுகள் இந்தியாவில் ஏராளம். கர்நாடகத்துக் கோசம்பரியில் ஊறிய பாசிப்பருப்பும் வெள்ளரிக்காயும் போதும். பிகாரில் வறுகடலை மாவான சத்துவை நீரில் கரைத்து, உப்பும் எலுமிச்சையும் சேர்த்தால் பானம் தயார். தயிரில் ஊறிய அவல் ஒடிசாவிலிருந்து குஜராத் வரை தெரிந்த உணவு. பயறு முளைகட்டுவதற்கு ஈரத்துணியும் ஒரு நாள் பொறுமையும் போதும். துணியைப் பிரித்து முளையைப் பார்க்கும் குழந்தைக்கு அது தாவரவியல் வகுப்பும்கூட.

எலுமிச்சைச் சாறு நல்ல பரிசோதனைக்கூடம். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்கின்றன ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள். அதாவது, சுமார் ஐந்து டீஸ்பூன். சாதாரண கோலா பானத்தில் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. 300 மில்லி பாட்டிலில் ஆறு ஸ்பூன். அந்த ஆறு ஸ்பூனையும் குழந்தையே எண்ணி ஒரு காலி டம்ளரில் போடட்டும். அடியில் குவிந்து நிற்கும் வெள்ளைக் குன்றைப் பார்க்கட்டும். பாட்டிலில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருப்பது இதுதான் என்று பிறகு சொன்னால் அதற்குப் புரியும்.

சமைத்துவிட்டதாலேயே குழந்தை எல்லாவற்றையும் தின்றுவிடாது. பாகற்காயை நறுக்க உதவிய கை அதை ஒதுக்கித் தள்ளலாம். புதிய சுவை பிடிபட எட்டு பத்து முறை நாக்கில் பட வேண்டியிருக்கும் என்பது குழந்தை உணவைப் பற்றி ஆய்வு செய்தவர்கள் பொதுவாக ஒப்புக்கொள்ளும் விஷயம். மிரட்டினால் அந்த எண்ணிக்கை குறைவதில்லை. 'கீரையைத் தின்றால் சாக்லேட்' என்ற பேரத்தில் கீரை தண்டனையாகிறது, சாக்லேட் பதக்கமாகிறது.

இதையெல்லாம் யார் செய்வது என்பதுதான் சங்கடமான கேள்வி. குழந்தையுடன் சமைத்தால் அரைமணி வேலை ஒரு மணியாகும், தரையெல்லாம் மாவாகும். 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஊதியமில்லாத அந்த வேலையில் நாளொன்றுக்குச் செலவிட்டது 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். இந்தக் கணக்கில் இன்னொரு கடமையையும் அம்மாவின் தலையில் ஏற்றுவது நியாயமல்ல. அப்பா சப்பாத்தி இடுவதைப் பார்த்து வளரும் பையனுக்குச் சமையல் யாருடைய வேலை என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது. பையன் கிளறினால் கைதட்டும் வீடு, பத்து வயதுப் பெண்ணைத் தினமும் பாத்திரம் தேய்க்க அனுப்பினால், இரண்டு குழந்தைகளுமே தவறான பாடத்தைக் கற்கிறார்கள்.

ஏழை வீடுகளில் இந்தப் பேச்சு வேறு மாதிரி ஒலிக்கும். கூலிக்குப் போன தாய் திரும்பும்வரை தம்பி தங்கைகளுக்குச் சோறு பொங்கும் எட்டு வயதுச் சிறுமிக்குச் சமையல் புதிதல்ல. அவளுக்குத் தேவை ஓய்வும் பள்ளிக்கூடமும். சேர்ந்து சமைப்பது என்பதில் 'சேர்ந்து' என்ற சொல்தான் முக்கியம். பெரியவர் பக்கத்தில் இல்லாத இடத்தில் அது கல்வியல்ல, உழைப்பு.

சாதியும் சமையலறைக்குள் வரும். தலித் பெண் சமைத்த மதிய உணவைப் பிள்ளைகள் தொடக் கூடாது என்று பெற்றோர் தடுத்த செய்திகள் பல மாநிலங்களிலிருந்தும் இன்னும் வருகின்றன. குழந்தைக்குத் தானாக அந்த அருவருப்பு தோன்றுவதில்லை, யாரோ கற்றுக்கொடுக்கிறார்கள். நாலு வீட்டுப் பிள்ளைகள் ஒரே பாத்திரத்தில் மாவு பிசைந்து பழகினால் அந்தப் பாடத்தைக் கற்பிப்பது கொஞ்சம் கடினமாகும்.

தொடங்குவதற்கு உறுதியான ஒரு முக்காலி போதும். அதுவும் இல்லையென்றால், வாரத்தில் ஒரு நாள் பெரியவர்கள் காய்கறிக் கூடையோடு தரையில் உட்காரலாம். உருண்டை கோணலாக வரும், உப்பு கூடும் அல்லது குறையும். அன்று ஆய்ந்த வெந்தயக் கீரையைக் குழந்தை சாப்பிடாமலும் போகலாம். ஆனால் அடுத்த வாரம் சந்தையில் அந்தக் கீரைக்கட்டைப் பார்த்தால் அதன் பெயரைச் சொல்லும்.