கண்ணாடியில் உறையும் பனி

வையம்பட்டியில் வசிக்கும் நாம் உறைபனியைப் பற்றி எழுதப் புகுவது நேயர்களிற் சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். திருச்சி–திண்டுக்கல் சாலையிலுள்ள நமது ஊரில் மார்கழியிற்கூட ஒரு போர்வைக்கு மேல் வேண்டியதில்லை. ஆயினும் இச்சாலை வழியே மலைநாடு செல்வோர் பலர். அவர்களுள் பழைய அம்பாஸிடர் வண்டியைப் பிள்ளைபோல் பேணி வருபவர்களும் உண்டு. 2014-ஆம் ஆண்டுடன் உற்பத்தி நின்றுபோன அவ்வண்டிகள் பலவற்றில் முன்கண்ணாடியைச் சூடேற்றும் சாதனம் கிடையாது.

தை மாதத்து விடியற்காலையில் உதகையை அடுத்த தலைக்குந்தாவில் புல்தரை வெள்ளை விரித்தாற்போல் உறைந்து கிடக்கும். இரவெல்லாம் வெளியே நின்ற வண்டியின் கண்ணாடிக்கும் அதே கதிதான். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பாதையிலோ 14 கொண்டை ஊசி வளைவுகள். கண்ணாடியில் உள்ளங்கையகலம் துடைத்துக்கொண்டு, அதன் வழியே பார்த்தபடி வண்டியை ஓட்டுவதைத் தைரியம் என்பாரும் உளர். நாம் அதற்கு வேறு பெயர் சொல்லுவோம். கொதிக்கும் ஜலத்தை ஊற்றினாலோ கண்ணாடி விரிசல் கண்டுவிடும்.

யந்திரத்தில் எரியும் பெட்ரோலின் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதைக் குளிர்விக்கும் ஜலத்தோடு போய், ரேடியேட்டர் வழியே காற்றில் வீணாகிறது. அதில் சிறிதளவைக் கண்ணாடிக்குத் திருப்பினால் போதும். சிறிய ரேடியேட்டர் ஒன்றைத் தகரப் பெட்டியில் பொருத்தி, யந்திரத்தின் மேற்புறத்திலிருந்து ஒரு ரப்பர்க் குழாயால் சுடு ஜலத்தைக் கொணர்ந்து, மற்றொன்றால் தண்ணீர்ப் பம்புக்கே திருப்பிவிட வேண்டும். பின்னால் ஒரு சிறு மின்விசிறி. அது தள்ளும் காற்று, கண்ணாடியின் அடியோரம் நெடுக வெட்டிய மெல்லிய பிளவின் வழியே மேலெழும்ப வேண்டும். பிளவைச் சரியாக அமைக்காவிடில் கால்தான் சுடுமேயன்றிக் கண்ணாடி தெளியாது. வருகிற குழாயில் ஓர் அடைப்பானும் அவசியம். சமவெளிக்கு இறங்கியதும் மூடிவிடலாம்.

காற்றை வண்டிக்கு வெளியிலிருந்து, யந்திரப் புகை படாத இடமாகப் பார்த்து இழுக்க வேண்டும். குளிர்ந்த ஜலம் வைத்த வெள்ளித் தம்ளர் வியர்ப்பதுபோல, உள்ளிருப்போரின் மூச்சிலுள்ள ஈரமும் கண்ணாடியில் படிகிறது. அந்தக் காற்றையே சுழலவிட்டால் பயன் குறைவு.

செலவு குறையுமென்று, புகைபோக்கிக் குழாயைச் சுற்றித் தகரம் அடித்து அச்சூட்டையே உள்ளே விடச் சொல்லுவோரும் உண்டு. இதை நாம் வன்மையாய் மறுக்கிறோம். குழாயில் துரு அரித்த ஒரு சிறு துவாரம் போதும், கார்பன் மோனாக்ஸைடு வாயு உள்ளே புகுந்துவிடும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. முதலில் தலைவலி, பிறகு மயக்கம். பின் ஆசனத்துக் குழந்தைகள் தூங்குவதாகவே பெற்றோர் எண்ணியிருப்பர்.

ஜலக் குழாய்களை மட்டும் மலையேறுமுன் ஒவ்வொரு முறையும் அழுத்திப் பாருங்கள். வெடிப்புக் கண்ட குழாயை உடனே மாற்றிவிடுங்கள். அது பிளந்தால் கொதிஜலம் முன் ஆசனத்தில் இருப்பவர் காலில்தான் விழும்.