வாகை சூட இது போர்க்களம் அன்று

நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணம் ஒன்றை முடித்துவந்த இருவருக்கு அண்மையில் ஒரு கல்லூரியில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. 400 கிலோமீட்டரைக் கண் இமைக்காமல் கடந்து வென்றார்கள் என்று பேசியோர் அனைவரும் வியந்தனர். அதே பயணத்தில் கலந்துகொண்டு இடைவழியில் நிறுத்திவிட்ட நாமும் அவையில் இருந்தோம். "அடுத்த முறையாவது வென்று வாருங்கள்" என்று மூத்த பேராசிரியர் ஒருவர் ஆறுதல் கூறினார். அவரது அன்பில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அவ்வாறுதலில் இரண்டு பிழைகள் உள்ளன. அங்கே வெல்லப்படுவதற்கு எவருமில்லை என்பது ஒன்று. உறங்காமையை வீரமாக்கும் பேச்சு சாலையில் உயிரைக் குடிக்கும் என்பது மற்றொன்று.

முதற்பிழையை முதலில் பார்ப்போம். இப்பயணங்களுக்குப் பிரெஞ்சு மொழியில் 'ப்ரெவே' என்று பெயர். சான்றிதழ் என்பது பொருள். பாரிஸ் நகரின் ஆடாக்ஸ் கழகம் வகுத்த விதிகளே இந்தியாவிலும் பின்பற்றப்படுகின்றன. 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி எனக் கெடு உண்டு. முந்தி வந்தவருக்குப் பரிசில்லை. அளவு கடந்து விரைவோருக்கும் இங்கே இடமில்லை: 200 கி.மீ. பயணத்தின் இறுதிச் சாவடி 5 மணி 53 நிமிடத்திற்கு முன் திறக்கப்படுவதேயில்லை. விரைந்து வந்தவரை வாயிலில் நிற்கவைக்கும் ஒன்றைப் பந்தயம் என்று அழைப்பது எங்ஙனம்?

இவ்வகைப் பயணங்களுள் புகழ்பெற்ற பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ், 1891இல் ஒரு நாளிதழ் நடத்திய பந்தயமாகவே பிறந்தது. தொழில்முறைப் பந்தயம் 1951உடன் நின்றுபோயிற்று. 1200 கி.மீ.யை 90 மணிக்குள் கடக்கும் பயணமோ நான்காண்டுக்கு ஒருமுறை இன்றும் நடைபெறுகிறது; 2023இலும் நடந்தது. பந்தயம் மடிந்தது, வழிச்செலவு வாழ்கிறது.

தமிழ் பயின்றோருக்கு இவ்வேறுபாடு விளங்காமற்போவதுதான் நமக்கு வருத்தம். வெண்ணிப் போரில் முதுகிற் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்த செய்தியைப் புறநானூற்றில் பாடம் நடத்துகிறோம். போர்க்களத்து அறம் அது. அதே சங்க இலக்கியம் ஆற்றுப்படையையும் தந்திருக்கிறது. வழியறிந்தவன் எதிர்ப்பட்டவனுக்கு வழி சொல்கிறான். எங்கே தங்கலாம், எங்கே உண்ணலாம் என்கிறான். மிதிவண்டிப் பயணிக்கு வேண்டியது இரண்டாவது மரபு. நாமோ முதலாவதை எடுத்து அவன் தலையில் சூட்டுகிறோம்.

இனி இரண்டாம் பிழை. சென்னையிலிருந்து உளுந்தூர்பேட்டை வரை சென்று திரும்பும் வழி அது. நாமும் இயற்பியல் துறை நண்பரும் சேர்ந்தே மிதித்தோம். திரும்புகையில், திண்டிவனத்தை நெருங்கும் நள்ளிரவில், முன்னே சென்ற நண்பரின் வண்டி சாலையோர வெள்ளைக் கோட்டைத் தாண்டி மண்ணில் இறங்கியது. அவர் விழவில்லை. கேட்டபோது, கண் மூடியதே தெரியவில்லை என்றார். வலப்பக்கம் சாய்ந்திருந்தால் பின்னால் வந்த லாரியின் சக்கரம் இருந்தது. தேநீர்க் கடையின் பெஞ்சில் இருவரும் படுத்தோம். விழித்தபோது கெடுவுக்குள் முடிக்க வழியில்லை. ஒரு சரக்கு வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார்.

உறங்காதிருப்பதே இப்பயணத்தின் சாரம் என்று வாதிடுவோர் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் 400 கி.மீ. மிதிக்க 20 மணி நேரம். எஞ்சுவது 7 மணி. உணவுக்கும், சாவடிகளில் முத்திரை பெறுவதற்கும், ஒட்டுப்போடுவதற்கும் நான்கு மணி போனாலும் உறக்கத்திற்கு இடமிருக்கிறது. அதை நாம்தான் நண்பகல் உணவிலும் புகைப்படங்களிலும் செலவழித்தோம். அக்குற்றம் நம்முடையதே. இன்னும் ஒன்றையும் மறைப்பதற்கில்லை: முந்தைய ஆண்டு 300 கி.மீ.யை உறங்காமல் முடித்தபோது, அதே அவையில் அதே புகழுரையை நாமும் மகிழ்ந்து ஏற்றோம். நண்பரை அந்த மண்விளிம்பு வரை கொண்டுசென்றதில் அக்கைதட்டலுக்கும் பங்குண்டு.

இரவில் முன்விளக்கும் பின்விளக்கும் ஒளிதிருப்பும் மேலாடையும் வேண்டும் என்கிறது விதி. பயணி விழித்திருக்கிறானா என்பதை எந்தச் சாவடியிலும் சோதிக்க இயலாது. அதை அவனேதான் அறிய வேண்டும். நிறுத்துவதை இழிவென்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தால் அவன் எப்படி நிறுத்துவான்?

நிறுத்தியவருக்குச் சான்றிதழ் இல்லை; நாம் கேட்கவுமில்லை. பாராட்டுக் கூட்டம் நடத்துவோரிடம் நாம் வேண்டுவது சிறிது. அடுத்த முறை மேடையேறுவோரிடம் எங்கே உறங்கினீர்கள் என்று கேளுங்கள். இடைவழியில் நிறுத்தியவரையும் அழைத்து, ஏன் நிறுத்தினார் என்று மாணவர்முன் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த பயணத்திற்குப் பெயர் கொடுத்திருக்கும் இளைஞருக்கு அச்செய்தி பயன்படும்.