கொல்லைப்புறக் கோழி: சிறுவிடையா, கிரிராஜாவா?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்தில் நாலு பெண்கள் கூடிக் கோழியைப் பற்றிப் பேசினால் மூன்று பாஷை கேட்கும். தமிழில் நாட்டுக்கோழி, கன்னடத்தில் நாட்டி கோளி, தெலுங்கில் நாட்டு கோடி. பேச்சு எதுவானாலும் ஆசை ஒன்றுதான்: "குழந்தைக்கு தினம் ஒரு முட்டை வீட்டிலேயே கிடைச்சா போதும்!"

தொழிற்பேட்டை வந்தபின் கொல்லைகள் சுருங்கிவிட்டன. ஆனாலும் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஐந்தாறு கோழிக்கு இடம் இருக்கத்தான் செய்கிறது. எந்தக் கோழி வாங்குவது என்பதில்தான் குழப்பம். ஒவ்வொன்றின் குணத்தையும் தெரிந்துகொண்டால் ஏமாற வேண்டாம்.

சிறுவிடை: நம் பாட்டிமார் வளர்த்தது. உடம்பு சிறியது, தீனிச் செலவு குறைவு. ஓர் ஈட்டுக்குப் பத்திலிருந்து பதினைந்து முட்டை இடும். பிறகு அடைக்கு உட்கார்ந்து, 21 நாளில் குஞ்சு பொரித்து, பருந்து வந்தால் இறக்கைக்குள் அணைத்துக் காப்பாற்றும். நல்ல தாய்!

பெருவிடை: அசில் வகையைச் சேர்ந்தது. நெட்டைக் கால், முரட்டு உடம்பு. முட்டை குறைவு; இறைச்சிக்கு மதிப்பு அதிகம். சேவல் சண்டைக் குணம் கொண்டது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஒத்துவராது.

கடக்நாத்: மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பக்கத்துக் கருங்கோழி. 2018-ல் புவிசார் குறியீடு பெற்றது. தோலும் சதையும் கறுப்பு. முட்டை மட்டும் கறுப்பல்ல, வெளிர்ந்த நிறம்தான். "கறுப்பு முட்டை" என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். இது அடைகாப்பதில் மந்தம்.

கிரிராஜா: நமக்குப் பக்கத்திலேயே, பெங்களூர் ஹெப்பாளில் உருவாக்கிய கலப்புக்கோழி. சீக்கிரம் எடை கூடும். ஆண்டுக்கு நூறு முட்டைக்கு மேல் தரும். ஆனால் அடைக்கு உட்காராது. அதன் முட்டையைப் பொரிக்க வைத்தாலும் தாயின் குணம் அப்படியே குஞ்சுக்கு வராது. ஆகவே ஒவ்வொரு முறையும் புதுக்குஞ்சு வாங்கியாக வேண்டும்.

இங்கேதான் கவனம் தேவை. "முட்டை கூடட்டுமே" என்று கிரிராஜா சேவலைச் சிறுவிடைப் பெட்டைகளோடு விடுகிறார்கள். முட்டை கூடத்தான் செய்யும். ஆனால் தலைமுறை மாற மாற அடைகாக்கும் குணம் மங்கிப்போகும். குஞ்சு பொரிக்கும் கோழி வீட்டில் இல்லாவிட்டால், குஞ்சுக்குக் கடைக்காரர் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டும். முட்டை விற்றுச் சேர்த்த சிறுவாடும் அங்கேயே போய்விடும். முட்டைக்குக் கிரிராஜா பெட்டை வளர்க்கலாம், தவறில்லை. சேவல் மட்டும் சிறுவிடையாகவே இருக்கட்டும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அடைவைக்கச் சிறுவிடை முட்டைகளையே பொறுக்கி எடுங்கள். இரத்த உறவு கலக்காமல் இருக்க, ஆண்டுக்கொருமுறை வேற்றூர்ச் சேவலாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஓசூர்க் குளிர் குஞ்சுக்கு ஆகாது. தாய் இல்லாத குஞ்சுக்கு முதல் மூன்று நாலு வாரம் பல்பு போட்டுச் சூடு தர வேண்டும். குஞ்சுக்கு 2 வாட் என்று கணக்கு. இருபது குஞ்சுக்கு 40 வாட் குண்டு பல்பு ஒன்று சரியாக இருக்கும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது!

வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலியாகிவிடும். ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. இரண்டையும் தவறவிடாதீர்கள். பிப்ரவரி மாதத்தில் கால்நடைத்துறை ஊர் ஊராக முகாம் நடத்தி இலவசமாகவே ஊசி போடுகிறது. சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஓசூர் மத்திகிரியில் கோழி வளர்ப்புக்கென்றே அரசுக் கல்லூரியும் இருக்கிறது.

தாய்மார்களுக்கு இன்னொரு சொல். பழுப்பு முட்டையில் சத்து அதிகம், வெள்ளையில் குறைவு என்பது வெறும் நம்பிக்கை. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. எந்த முட்டையிலும் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. குழந்தைக்குக் கொடுக்கும்போது மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவையுங்கள். கோழிக்கூட்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். கூடு எப்போதும் அடுக்களைக்கு எட்டியே இருக்கட்டும்.